கரடி பேரம் பேசி வாங்கிய வெயில்

தப்பு உன் மேல்தான். வேறு யாரையும் கைகாட்டித் தப்பிக்கப் பார்க்காதே. போனின் முகப்பில் ஒரு கடிகாரமும் வானிலையும் வைக்க வேண்டுமென்றால், ஒன்றுமே இல்லாத இடமாகப் பார்த்து விரலை வைத்து, எடுக்காமல் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும் என்று ஏதோ ஓர் ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்தாயே, அந்த ஆள் நீதானே? உன் பேர் எனக்குத் தெரியாது. ஊரும் தெரியாது. தெரிந்திருந்தால் இதைக் கதையாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், நேரில் வந்திருப்பேன். எந்தக் கடையிலாவது காலி அலமாரியைத் தடவிக்கொண்டு நின்றால்தான் சரக்கு வெளியே வரும் என்று பார்த்திருக்கிறாயா? ஒரு பொத்தான் வைக்க உனக்கு என்ன கேடு? நீ வைக்காத அந்த ஒரு பொத்தானால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். எழுந்து போகாமல் கேள்.

ஒரு காட்டில் பேச்சி என்றொரு பெண் கரடி இருந்தது. சித்திரை மாதம் இலுப்பைப்பூ உதிரும்போது பொறுக்கி எடுத்து, பெரிய பாறை மேல் பரப்பி, நான்கு நாள் வெயிலில் காயவைத்து மூட்டை கட்டும். மழைக்காலம் முழுக்க அதுதான் அதற்குச் சாப்பாடு. நான்கு நாள் வெயில் ஒழுங்காகக் கிடைத்தால் வருஷம் ஓடிவிடும். நடுவில் ஒரு கோடை மழை விழுந்தால் பூ ஊறிப் புளித்துப்போகும். அப்புறம் கார்த்திகை வரைக்கும் வயிற்றைத் தடவிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அந்தக் காட்டில் அந்த வருஷம் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. பேச்சியிடமும் ஒன்று இருந்தது. வலசை வந்த ஒரு நாரையின் போனில், முகப்பிலேயே பெரிதாக மணியும் அதற்குக் கீழே வெயிலா மழையா என்ற படமும் இருந்ததைப் பேச்சி பார்த்துவிட்டது. அதற்கு விட்ஜெட் என்று பேர் என்றும் நாரை சொல்லிவிட்டுப் போனது. எங்கே கிடைக்கும் என்று கேட்பதற்குள் பறந்துவிட்டது. பறக்கிற ஜாதியே அப்படித்தான், பாதி விவரம் சொல்லும்.

பேச்சி தானே வைத்துப் பார்க்க முயன்றது. திரையில் இருந்த எல்லாப் படத்தையும் தட்டியது. வெறும் இடத்தை மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேள். அந்தக் காட்டில் குட்டி கண் திறந்ததும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது. வெறுமையாகத் தெரிகிற இடத்தில் காலை வைக்காதே, கீழே வேடன் வெட்டிய குழி இருக்கும். தெரியாமல் வைத்துவிட்டால் அடுத்த நொடி எடுத்துவிடு. இந்த ஒரு பாடத்தால் இத்தனை தலைமுறை உயிரோடு இருக்கிற கூட்டம் அது. அவர்களிடம் வந்து நீ, வெறும் இடமாகப் பார்த்து வை, வைத்ததை எடுக்காதே என்கிறாய். வேடனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

கடைசியில் பேச்சி, புற்றுமேட்டுக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருந்த சடையன் என்ற நரியிடம் போனது. ரீசார்ஜ், உறை, கண்ணாடி ஒட்டுவது, பாட்டு ஏற்றுவது, எல்லாம் சடையன்தான். விட்ஜெட் வைத்துத் தர, போன வருஷத்துக் காய்ந்த பூவில் இரண்டு மூட்டை கேட்டது. பேச்சி அரை மூட்டை என்றது. நரி சிரித்தது. பேச்சி கடையை விட்டு இறங்கி ஏழு அடி நடந்தது. எட்டாவது அடியில் நரி கூப்பிட்டது. ஒரு மூட்டையில் வந்து நின்றார்கள். பேச்சியிடம் மிச்சம் இருந்ததே அந்த ஒரு மூட்டைதான். அதற்கு மேல் விலை இறங்காது என்று தெரிந்ததும் பேச்சி சரக்கின் மேல் கை வைத்தது. நல்ல பேரக்காரி அப்படித்தான் செய்வாள்.

“தம்பி, இது சார்ஜ் தின்னுமா?”

“கொஞ்சம் தின்னும்க்கா.”

“தின்னக்கூடாது. டேட்டா?”

“வானிலைன்னா அப்பப்ப கேக்கும்.”

“கேக்கக்கூடாது. நான் எங்கே இருக்கேன்னு பாத்துக்கிட்டே இருக்குமாமே?”

“இருக்கிற இடம் தெரிஞ்சாத்தானேக்கா அந்த இடத்து வெயிலைச் சொல்லும்.”

“நான் எங்கே பூப் பொறுக்குறேன்னு எவனுக்கும் தெரியக்கூடாது. கை பட்டா ஓடக்கூடாது. நடுவுல விளம்பரம் வரக்கூடாது. அப்டேட் பண்ணு அப்டேட் பண்ணுன்னு வந்து உயிரை வாங்கக்கூடாது. இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டா ஒரு மூட்டை. இல்லேன்னா அரைதான்.”

நரி தலையைச் சொறிந்தது. அத்தனை நிபந்தனைக்கும் அடங்கி நடக்கிற சரக்கை அது தன் தொழிலில் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தது, தன் போனைப் பார்த்தது, பிறகு பேச்சியைப் பார்த்தது.

“அக்கா சொன்ன எல்லாத்துக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்கு,” என்றது.

திரும்பி உட்கார்ந்து இரண்டு நிமிஷம் என்னவோ செய்தது. போனைத் திருப்பிக் கொடுத்தபோது முகப்பில் பளிச்சென்று மணி பத்து பத்து. அதற்குக் கீழே மஞ்சள் சூரியன், முப்பத்து நான்கு டிகிரி, ‘வானம் தெளிவு’. பேச்சி தட்டிப் பார்த்தது, நகரவில்லை. இழுத்துப் பார்த்தது, அசையவில்லை. தன் வாழ்நாளில் இவ்வளவு ஒழுக்கமான சரக்கைப் பார்த்ததில்லை என்று அதற்குப் பட்டது. இலவசமாக ஒரு தடித்த ரப்பர் உறையையும் நரி மாட்டிவிட்டது. எந்தப் போனிலும் மேல் மூலையில் எறும்பு அளவில் ஒரு மணி ஓடுமே என்று நீ வாயைத் திறப்பாய், தெரியும். அந்த மூலையை மூடுகிற மாதிரிதான் உறை வெட்டப்பட்டிருந்தது.

பேச்சி பாறை மேல் பூவைப் பரப்பியது. முதல் நாள் வெயில். போனிலும் வெயில். இரண்டாம் நாள் வெயில். போனிலும் அதே. டிகிரிகூடப் பிசகவில்லை. பேச்சி தண்ணீர்த்துறையில் நின்று ஊருக்கெல்லாம் பெருமை பேசியது. சார்ஜ் தின்னாத விட்ஜெட் என்று கேள்விப்பட்டதும் காடே சடையன் கடைக்கு ஓடியது. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான், பேச்சிக்கு வைத்த மாதிரியே வேண்டும். மான் வைத்துக்கொண்டது, முயல் வைத்துக்கொண்டது, எருமைகள் கூட்டமாக வந்து வைத்துக்கொண்டன. சிங்கத்துக்கு நரி அரண்மனைக்கே போய் மரியாதையாக வைத்துக் கொடுத்துவிட்டு வந்தது. இரண்டே நாளில் முப்பத்தெட்டு போன்.

எப்போது பார்த்தாலும் பத்து பத்து என்று காட்டுகிறதே, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையா என்கிறாய். பத்து பத்து எவ்வளவு வசதியான மணி என்று யோசித்துப் பார். காலைச் சாப்பாடு முடிந்திருக்கும். வேலை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். தினமும் தாமதமாக வந்து திட்டு வாங்கிய மான் அதை வைத்த பிறகு ஒரு நாளும் தாமதமாகவில்லை. தனக்கு லாபமாக இருக்கிற கடிகாரத்தைச் சந்தேகப்பட்டவன் எவன்?

மூன்றாம் நாள் மத்தியானம் மேற்கே கறுத்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறின. பேச்சி பூவை வாரலாமா என்று பாறை மேல் ஏறி, எதற்கும் பார்த்துக்கொள்வோம் என்று போனை எடுத்தது. வெயில், முப்பத்து நான்கு. மேலே இருந்து செயற்கைக்கோள் பார்த்துச் சொல்கிறதாம், கீழே நிற்கிற எறும்புக்கு என்ன தெரியும் என்று பேச்சி நினைத்தது. முதல் துளி மூக்கில் விழுந்தது. காக்காய் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டது. இரண்டாவது துளிக்கும் அதே காக்காயைத் திட்டியது. அப்புறம் கொட்டிய மழைக்குத் திட்ட அத்தனை காக்காய் காட்டில் இல்லை. பேச்சி நனைந்த கையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது. போனில் மட்டும் வானம் தெளிவாக இருந்தது. பாறையில் ஒரு பூ மிஞ்சவில்லை, எல்லாம் கூழ்.

பேச்சி நேராகக் கடைக்குப் போய் மேசையைத் தலைகீழாகப் புரட்டியது. நரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அக்கா, சார்ஜ் தின்னுச்சா?”

“இல்ல.”

“டேட்டா கேட்டுச்சா? விளம்பரம் காட்டுச்சா? நீங்க பூப் பொறுக்குற இடத்தை எவன்கிட்டயாவது போட்டுக் குடுத்துச்சா?”

“இல்ல.”

“பின்ன என்னக்கா கோவம்? அது என் போன் முகப்பைப் பிடிச்ச படம். நீங்க போட்ட கண்டிஷனுக்குப் படம் ஒண்ணுதான் ஒத்துவரும். உசுரோட இருக்கிற எதுவும் ஒத்துவராது.”

பேரத்தில் பேச்சி தோற்றது அதுதான் முதல்முறை. அதன் நிபந்தனை ஒவ்வொன்றையும் நரி எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தது. பேச்சி கேட்டது ஒன்றுதான். படத்தை நீயே வைத்துக்கொள், என் மூட்டையைத் திருப்பிக் கொடு, காட்டில் மிச்சம் இருக்கிற காய்ந்த பூ அது ஒன்றுதான், அது இல்லாவிட்டால் நான் மழைக்காலம் தாண்ட மாட்டேன். நரி முடியாது என்றது. சரி, சிங்கத்திடம் பார்த்துக்கொள்கிறேன் என்று பேச்சி கிளம்பியது. சாட்சிக்கு நனைந்த பூவை நான்கு பானையில் வாரி, மூடிபோட்டுக் கட்டி எடுத்துக்கொண்டது.

சிங்கத்தின் சபை காலை பத்தரைக்குக் கூடும். பேச்சி போனபோது முப்பது பேர் வரிசையில் இருந்தார்கள். முதல் ஆளாக குட்டியப்பன் என்ற ஆமை. எருமைகள் தன் குளத்தில் பகல் முழுக்கப் படுத்துக் கலக்குகின்றன என்பது அதன் வழக்கு. சிங்கம் வந்து பாறையில் உட்கார்ந்து போனைப் பார்த்தது. பத்து பத்து. இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று சொல்லிக் கொட்டாவி விட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். சூரியன் உச்சிக்கு வந்தது. சிங்கம் போனைப் பார்த்தது. இன்னும் இருபது நிமிஷம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. அப்போதும் இருபது நிமிஷம்தான் பாக்கி. வழக்கைத் தள்ளிவைக்கவும் வழியில்லை, தொடங்கினால்தானே தள்ளிவைக்க முடியும். மறுநாள் வந்தார்கள். மறுநாளும் அதே இருபது நிமிஷம்.

பேச்சி சும்மா இருக்குமா? மகாராஜா, அது கடிகாரமே இல்லை, படம் என்று எழுந்து நின்று சொன்னது. வாக்குமூலம் எல்லாம் பத்தரைக்குச் சபை கூடிய பிறகு கொடுக்க வேண்டியது என்று சபையில் ஆள் கூப்பிடுகிற டவாலிக் குரங்கு உட்காரவைத்தது.

அப்போதுதான் ஆமை தன் போனைத் தூக்கிக் காட்டியது. அதில் மணி பன்னிரண்டே முக்கால்.

கடைக்கார நரியை விட்டால், அந்தக் காட்டிலேயே நிஜமான விட்ஜெட் வைத்திருந்தது ஆமை ஒன்றுதான். அது கடைக்குப் போகவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஆமை ஓர் இடத்தில் காலை வைத்தால் எடுக்க நேரமாகும். அதன் ஒவ்வொரு தொடலும் அழுத்திப் பிடிப்பதுதான். குழிக்கும் அது பயப்படாது, விழுந்தால் ஓட்டோடு விழுந்து கிடக்கும். அப்படி ஒருநாள் வெறும் இடத்தில் காலை வைத்து, எடுக்க நினைப்பதற்குள் பட்டியல் தானாகத் திறந்துகொண்டது. கடிகாரம் ஒன்று, வானிலை ஒன்று எடுத்து வைத்துக்கொண்டது. நீ செய்து வைத்த ஏற்பாடு இவ்வளவு பெரிய உலகத்தில் ஒரே ஓர் ஆமைக்குத்தான் பொருந்துகிறது. சந்தோஷமா?

சிங்கம் எல்லாரையும் போனைத் தூக்கிக் காட்டச் சொன்னது. வரிசை முழுக்கப் பத்து பத்து. ஆமையிடம் மட்டும் பன்னிரண்டே முக்கால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பன்னிரண்டு நாற்பத்தாறு ஆனது.

“பாத்தீங்களா, ஒரு சொல்லுல நிக்க மாட்டேங்குது,” என்றது சிங்கம். “நம்ம எல்லாருடையதும் காலையில இருந்து ஒரே பேச்சு பேசுது. குட்டியப்பா, உனக்கு அவசரம் ஜாஸ்தி.”

உலகம் தோன்றிய நாளிலிருந்து ஆமையைப் பார்த்து அவசரம் என்று சொன்ன முதல் சபை அதுவாகத்தான் இருக்கும். வரிசை முழுக்கத் தலையாட்டியது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

சபை கூடக் காத்திருந்த மூன்றாம் நாள் பானைகள் பேச ஆரம்பித்தன. நனைந்த இலுப்பைப்பூ, மூடிய பானை, மேலே சித்திரை வெயில். உள்ளே குபுகுபுவென்று நுரைத்தது. வாசனை வரிசையின் கடைசி வரைக்கும் போனது. தடயத்தைச் சோதிப்பது தன் கடமை என்று டவாலிக் குரங்கு ஒரு மூடியைத் திறந்து ஒரு மிடறு சோதித்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தது. சந்தேகம் தீரவில்லை என்று இன்னொரு மிடறு சோதித்தது. நான்காவது மிடறில் அது வரிசையில் இருந்த முயலைக் கட்டிப்பிடித்து, உன் வழக்கு நியாயமானது என்றது. முயல், தன் வழக்கு டவாலிமேல்தான் என்பதை மறந்து அழுதது.

அதற்கப்புறம் எல்லாருக்கும் தடயம் பார்க்க ஆசை வந்துவிட்டது. பேச்சிக்கு ரத்தத்திலேயே ஊறிய தொழில் விழித்துக்கொண்டது. சும்மா பார்க்க முடியாது, ஒரு கிண்ணத்துக்கு ஒரு கிழங்கு என்றது. ஒருவர் அரைக் கிழங்குக்குக் கேட்டார். பேச்சி பானையை மூடிக்கொண்டு ஏழு அடி நடந்தது. முழுக் கிழங்கோடு பின்னால் ஓடிவந்தார். பலாப்பழம் வந்தது, தேன் வந்தது, உலர்ந்த நாவல்பழம் வந்தது. சிங்கத்துக்கு மட்டும் கிண்ணம் இலவசம், அது எந்தத் தொழிலுக்கும் உள்ள செலவு. ஒரு வாரத்தில் பேச்சியின் குகை கூரை வரை நிறைந்தது. மழை பெய்யாத நாளில் புதிதாக உதிர்ந்த பூவைத் தானே ஓடையில் முக்கி எடுத்துப் பானையில் போட்டது. பத்தரை வரப்போவதில்லை, அதனால் வரிசை கலையப்போவதில்லை. கலையாத கூட்டத்துக்கு முன்னால் கடை போட எந்த வியாபாரிக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

ஒரு நாள் மத்தியானம் ஆமை பேச்சியிடம் நகர்ந்து வந்தது. வந்து சேரவே நேரமானது. பேச்சியின் போனை வாங்கி, உறையைக் கழற்றி, திரையில் வெறுமையாக இருந்த இடத்தில் காலை வைத்தது. பேச்சிக்குப் பதறியது. ஆமை எடுக்கவில்லை. திரை சிலிர்த்துக்கொண்டது, பட்டியல் விரிந்தது. கொஞ்ச நேரத்தில் நிஜமான கடிகாரமும் நிஜமான வானிலையும் முகப்பில் வந்து உட்கார்ந்தன. மணி மூன்று இருபது. நாளைக்கு மழை. பேச்சி தான் ஒரு மூட்டை கொடுத்து வாங்க நினைத்தது இதைத்தானா என்று வாயைப் பிளந்து பார்த்தது. மூன்று இருபது மூன்று இருபத்தொன்று ஆனதைப் பார்த்து அதற்குக் கொஞ்சம் கண் கலங்கியதாகக்கூடச் சொல்கிறார்கள்.

“தாயி, சிங்கம் உன்னைத்தான் கிட்ட விடுது,” என்றது ஆமை. “கிண்ணம் குடுக்கும்போது அதோட போனை ஒரு நிமிஷம் என் காலடியில வை. போதும். சபை தொடங்கிரும். உன் மூட்டையும் வந்துரும், என் குளமும் வந்துரும்.”

பேச்சி பானையைப் பார்த்தது. வரிசையைப் பார்த்தது. வரிசையில் பாதிப்பேர் தூங்க, மீதிப்பேர் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, சபை தொடங்கினா இந்தக் கூட்டம் எங்கே போகும்?”

“எங்கே போகும், தீர்ப்பை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போகும்.”

“நரி எனக்கு எத்தனை மூட்டை தரணும்?”

“ஒண்ணு.”

பேச்சி போனை எடுத்துக்கொண்டு எழுந்தது. ஆமை நம்பிக்கையோடு கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சி சிங்கத்தின் பக்கம் போகவில்லை. நேராகச் சடையன் கடைக்குப் போய், இதைப் பழையபடி படமாக்கிக் கொடு என்றது. நரி ஒரு குடம் தேன் கேட்டது. பேச்சி பேரம் பேசாமல் கொடுத்தது. நரிக்கே அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் பேச்சி திரும்பி வந்தபோது ஆமை மணி என்ன என்று கேட்டது.

“பத்து பத்துண்ணே. இன்னும் இருபது நிமிஷம் கெடக்கு. உக்காருங்க, உங்களுக்கு ஒரு கிண்ணம் சும்மாவே தர்றேன்.”

ஆமை தன் போனைப் பார்த்தது. ஐந்து நாற்பது. பிறகு வரிசையில் தன் இடத்துக்கு, முதல் இடத்துக்கு, மெல்ல நகர்ந்து போய் உட்கார்ந்தது. குளத்தில் எருமைகள் புரளுகிற சத்தம் அங்கே வரை கேட்டது.

இப்போது சொல். நரி, தன்னிடம் கேட்டதைத்தான் கொடுத்தது. கரடி பிழைக்கிற வழியைப் பார்த்தது. சிங்கம் போன் சொன்னபடி நடந்தது. எவனைப் பிடித்து உலுக்குவது? சுற்றிச் சுற்றி உன்னிடம்தான் வருகிறது. அந்த வெறும் இடத்தில் ஒரு பொத்தான். அதன் மேல், கடிகாரம் வேண்டுமா, வானிலை வேண்டுமா, இங்கே தட்டு என்று கொட்டை எழுத்தில் தமிழில் ஒரு வரி. நான் கேட்பது அவ்வளவுதான், இதற்குக் கீழே ஒரு எழுத்துகூட இறங்க மாட்டேன்.

நீதி: எல்லாருடைய கடிகாரமும் ஒன்றாக நின்றுபோன இடத்தில், ஓடுகிற கடிகாரம் வைத்திருப்பவன், கொடுத்த கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பதே உடம்புக்கு நல்லது. இந்த நீதி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி இல்லை என்று முகத்தைச் சுளிக்காதே, மாற்ற வேண்டியவன் நீதான். ஆமை இன்னும் வரிசையில்தான் இருக்கிறது. வந்து அந்தப் பொத்தானை வை.